புழுவுக்கும் கைராசி வேண்டும்

பேருந்தை விட்டு இறங்கி, தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பைகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறிய அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. புளித்த கஞ்சி வாசம் அவளுக்குப் பழக்கம்தான். ஒன்பது வருஷமாகப் புழு வளர்ப்பவளுக்குப் புளிப்பெல்லாம் ஒரு பொருட்டா? ஆனால் இது அந்தப் புளிப்பு இல்லை. நகப்பூச்சு அழிக்கிற மருந்தையும் அழுகின பழத்தையும் சேர்த்துக் கலக்கின மாதிரி ஒரு நாற்றம். இந்த நாற்றம் வந்துவிட்டால் புழு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இரும்பு அலமாரியில் தட்டுக்கு நான்காக நான்கு தட்டு, மொத்தம் பதினாறு பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொன்றாக மூடியைத் திறந்தாள். நல்ல டப்பா என்றால் உள்சுவரெல்லாம் புழு ஏறி நிற்கும். ஒரு புழுவைத் தனியாகப் பார்க்க முடியாது. நூல் துணுக்கைவிடப் பொடிசு. கூட்டமாகப் பார்த்தால் ஈரச் சுவர் நெளிவது போலத் தெரியும். விரலால் ஒரு இழுப்பு இழுத்துத் தொட்டித் தண்ணீரில் கழுவினால், பிறந்த மீன்குஞ்சுகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. இப்போது சுவரெல்லாம் துடைத்த மாதிரி இருந்தது. அடியில் கஞ்சி, மேலே மஞ்சள் தண்ணீர், அதன்மேல் செத்த பொடி ஈக்கள். பதினாறும் அப்படித்தான்.

"டேய்!"

கீழே வண்ணமீன் கடையில் இருந்த தம்பிக்கு அந்தக் குரல் போதும். கையில் வலையோடு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி ஓடி வந்தான்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க? பொண்ணுக்குப் பிரசவம்னு போனேன், இருபத்தாறு நாள்ல ஒட்டுமொத்தமா கொன்னு வெச்சிருக்கியே!"

"நீ சொன்னதுதான்கா பண்ணேன்."

"நான் சொன்னேனா? சாகடின்னு சொன்னேனா?"

"வெயில் படாம வெச்சேன். மூடியில ஓட்டை அடைக்காம பார்த்துக்கிட்டேன். கஞ்சி குறைஞ்சா ஒரு ஸ்பூன் ஓட்ஸ் போட்டேன். வாசம் மாறுதேன்னு போன்லகூடக் கேட்டேனே, வேற ஏதாவது பண்ணணுமான்னு. நீதான், ஒண்ணும் வேணாம், ஒரு ஸ்பூன் போடு போதும்ன."

"வாயை மூடு! எதிர்த்துப் பேசறதுல மட்டும் குறைச்சல் இல்ல. வியாழக்கிழமை குஞ்சு நீந்த ஆரம்பிச்சுடும். என்னத்தைடா போடுவ அதுங்க வாயில? உன் தலையையா?"

தம்பியின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. திட்டினால் திருப்பித் திட்ட வேண்டும். இப்படி முகத்தைத் தொங்கப்போட்டு நிற்கிறவனை என்ன செய்ய?

அவன் முகம் தொங்கியதற்குக் காரணம் கீழே கடையின் கடைசித் தொட்டியில் இருந்தது. ஒரு ஜோடி கறுப்பு ஏஞ்சல் மீன். இரண்டு வருஷமாக முட்டை போடுவதும், மறுநாளே புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அதைத் தின்று தீர்ப்பதுமாகக் குடும்பம் நடத்திய ஜோடி. தம்பி அதற்காகச் செய்யாத உபசாரம் இல்லை. ஆள் நடமாட்டம் தெரியக் கூடாது என்று தொட்டியைச் சுற்றிச் செய்தித்தாள் ஒட்டினான். தண்ணீர் மாற்றும்போது இருமலைக்கூட அடக்கிக்கொள்வான். பதினைந்து வருஷமாகக் கடை வைத்திருக்கிறான். மொத்த வியாபாரியிடம் வாங்கி இங்கே விற்றதைத் தவிர, அவன் கையால் ஒரு குஞ்சு பிறந்து வளர்ந்தது கிடையாது. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. போன வாரம் போன் செய்தவன் பேசவே முடியாமல் திணறினான். "அக்கா, திங்கலக்கா. இந்தத் தடவை திங்கல. காவல் காக்குதுங்க. பொரிச்சுடுச்சு." முந்நூறு குஞ்சாவது இருக்கும், இலைமேல் வாலை ஆட்டிக்கொண்டு ஒட்டியிருந்தன. அந்த முந்நூறுக்காகத்தான் பேரனை மகள் கையில் விட்டுவிட்டு அவள் ஓடி வந்தாள்.

ஏஞ்சல் குஞ்சுக்கு முதல் மூன்று நாள் பொடித் தீனி ஆகாது. வாய் அத்தனூண்டு; அதுவும் அசைகிற பொருளைத்தான் துரத்திப் பிடிக்கும். அசையாததைத் திரும்பியும் பார்க்காது. ஆர்டீமியா என்கிற பொடி இறால் முட்டை டப்பா வாங்கிப் பொரிக்க வைக்கலாம் என்றால் அது பார்சலில் வர ஐந்து நாள் ஆகும். ஆக, புழு வேண்டும். அதுவும் வியாழக்கிழமை வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கும் தம்பியின் மேல்தான் கோபம் வரும்.

இந்தப் புழு ஒரே டப்பாவில் ரொம்ப நாள் வாழாது. இருபது நாள், மிஞ்சினால் இருபத்தைந்து. அதற்குள் கஞ்சி கெட்டுப்போகும். நீங்கள் மேலே ஓட்ஸ் போடப் போட, கெடுதல் கூடுமே தவிரக் குறையாது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டப்பா நன்றாக இருக்கும்போதே அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, ஆற வைத்த புதுக் கஞ்சியில் விட வேண்டும். நான்கைந்து நாளில் புது டப்பா நிரம்பிவிடும். பழையதைக் கொட்டிவிடலாம். இப்படி மாற்றிக்கொண்டே வந்தால் உங்கள் பேரன் காலம் வரைக்கும் புழு இருக்கும். இவ்வளவுதான் சூட்சுமம். குழந்தைகூடச் செய்யும்.

இந்தச் சூட்சுமத்தை அக்கா யாருக்கும் சொன்னதில்லை. அவள் விற்கிற டப்பா மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வெயில் படாமல் வைக்கவும். மூடித் துளை அடைபடாமல் பார்க்கவும். கஞ்சி குறைந்தால் ஒரு ஸ்பூன் ஓட்ஸ் சேர்க்கவும். மூன்றும் சத்தியமான வார்த்தை. பொய் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. நான்காவதாக இருக்க வேண்டிய வரி மட்டும் இருக்காது. வாங்கிப் போனவர்கள் ஒரு மாதத்தில், "செத்துப்போச்சுக்கா, இன்னொண்ணு குடுங்க" என்று வந்து நிற்பார்கள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்கா. முதுகுக்குப் பின்னால் புழு அக்கா.

அவளைக் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "எனக்கு எவன் சொன்னான்?" புருஷன் போனபிறகு, ஏதோ ஒரு பிழைப்பு வேண்டுமே என்று, எங்கோ ஒரு ஊரில் இருந்தவனிடம் பார்சலில் முதல் டப்பா வாங்கினாள். செத்தது. மறுபடி வாங்கினாள். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் அவன் போனில், "உங்க ஊர்த் தண்ணி சரியில்லம்மா" என்றான். ஆறாவது டப்பா வந்தபோது, அதைக் கிளறின ஸ்பூனைக் கழுவ மறந்து, மிச்சக் கஞ்சி இருந்த கிண்ணத்தில் போட்டுவிட்டாள். நான்காம் நாள் பார்த்தால் கிண்ணத்துச் சுவரெல்லாம் புழு. அன்றைக்கு அவள் சந்தோஷப்படவில்லை. ஐந்து தடவை தன்னை முட்டாளாக்கியவனை நினைத்து, பாத்திரம் கழுவுகிற இடத்திலேயே நின்று ஆத்திரத்தில் அழுதாள். அழுது முடித்து, அவன் செய்ததையே தானும் செய்ய ஆரம்பித்தாள்.

தம்பிக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். தம்பிக்கு ஓட்டை வாய். அவன் பாட்டுக்குக் கடைக்கு வருகிறவர்களிடம் உளறிவிடுவான். அதோடு, அவன் வீட்டு மாடியில் இருக்கிறவளுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது, தான் இல்லாவிட்டால் நடக்காது என்கிற ஒன்று. பத்து நாள்தானே என்று கிளம்பினாள். பேரனுக்கு மஞ்சள் காமாலை வந்ததில் அது இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. தம்பி போனில் கேட்டபோது அவளுக்கு எல்லாம் புரிந்தது. போனைக் காதில் வைத்தபடி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, ஒரு ஸ்பூன் போடு போதும் என்றாள்.

சரி, கதைக்கு வருவோம். கத்தி முடித்ததும் அவள் கை தானாக வேலையைத் தொடங்கியது. பதினாறு டப்பா மூலையையும் சுரண்டி, உயிர் ஒட்டியிருந்த இரண்டு மூன்றிலிருந்து ஒரு துளி எடுத்து, புதுக் கஞ்சி கிண்டி, கொஞ்சம் ஈஸ்ட் தூவி விட்டாள். தம்பியை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் செய்தாள். அப்போதும்! இது நிரம்ப சனிக்கிழமை ஆகும். வியாழன், வெள்ளி இரண்டு நாளைக்கு, நன்றாக ஏறி நிற்கிற ஒரே ஒரு டப்பா வேண்டும். ஊரில் வேறு புழுக்காரர் கிடையாது. ஆனால் அவளிடம் வாங்கியவர்கள் இருக்கிறார்களே. அவர்களில் ஒருத்தர் வீட்டிலாவது இருக்காதா?

இருக்காது என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் கிளம்பினாள்.

முதலில் பல் டாக்டர் கிளினிக். வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் பெரிய தொட்டி வைத்திருப்பார்கள். மேஜையில் இருந்த பெண் அக்காவைப் பார்த்ததும் எழுந்தே நின்றாள்.

"அக்கா, நானே வரணும்னு இருந்தேன். போன டப்பாவும் போச்சு. டாக்டர் திட்டறாரு, உனக்கு ஒரு புழுவைக் காப்பாத்தத் துப்பில்லையான்னு. நான் என்னக்கா தப்பு பண்றேன்?"

"கூட ஏதாவது போட்டியா?"

"இல்லக்கா, சீட்டுல இருக்கறதுதான்."

"அப்புறம் என்ன? அவருக்கு வேற வேலை இல்ல," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தப் பெண் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அடுத்தது ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கழற்றிப்போட்ட ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவே அவன் உட்கார்ந்திருந்தான். கேட்டதும் சிரித்தான். "புழுவா? நான் விட்டு ஆறு மாசம் ஆச்சு. என் பொண்டாட்டி சொல்லிட்டா, உங்க கை பட்டா மிஷின் மட்டும்தான் பிழைக்கும், உசிரு பிழைக்காதுன்னு. கடையிலயும் உங்க தம்பி சொன்னாரு, கைராசி வேணும்னு."

இந்தக் கைராசிப் பேச்சு தம்பி கண்டுபிடித்தது. புழு செத்துப்போச்சு என்று யார் வந்தாலும், "அதுக்கெல்லாம் ஒரு கைராசி வேணும் சார். எங்க அக்கா கை அப்படி. தொட்டா துலங்கும்," என்பான். மனசாரச் சொல்வான், அக்கா என்றால் அவனுக்கு உயிர். மாடியிலிருந்து அவள் அதைக் கேட்டிருக்கிறாள், பல தடவை. கேட்டுச் சும்மா இருந்தாள் என்றால்கூடப் பொய், கேட்டுப் பெருமைப்பட்டாள். இப்போது மெக்கானிக் வாயால் கேட்கும்போது, யாரோ தன்னைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது. "கைராசியாவது மண்ணாவது," என்று முணுமுணுத்தபடி வெயிலில் நடந்தாள். கோபம் தம்பியின் மேலேயே திரும்பியது. எவன் இவனைச் சொல்லச் சொன்னான்?

நடக்கும்போதுதான் சலூன்காரர் நினைவு வந்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் அவள் போட்ட கடைசிப் புது டப்பாவை அவருக்குத்தான் கொடுத்ததாகத் தம்பி சொன்னான். அவர் கடையில் நாள் முழுக்க ஏசி ஓடும். குளிர்ச்சியில் இருந்தால் புழு பத்து நாள் கூடவே தாங்கும். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருக்கும். அவரிடம் கண்டிப்பாக இருக்கும். முக்கால் ஓட்டமாக ஓடினாள்.

சலூன்காரர் அறுபதை நெருங்கிய மனுஷர். முப்பது வருஷமாக அதே கடை, அதே இரண்டு நாற்காலி. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி வைத்து மீன் வளர்த்தார். குஞ்சு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காகப் பதினோரு தடவை புழு வாங்கியிருக்கிறார். அக்கா உள்ளே நுழைந்தபோது தொட்டி இருந்த இடத்தில் பவுடர் டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

"வாங்கக்கா. பேரப்பிள்ளை எப்படி இருக்கான்?"

"இருக்கான். அண்ணே, என் தம்பி குடுத்த டப்பா எங்கே?"

"கொட்டிட்டேன்கா."

"செத்துடுச்சா?"

"இல்லக்கா, அதான் விஷயம். நல்லாத்தான் இருந்துச்சு. சுவரெல்லாம் ஏறி, அவ்வளவு அழகா இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். எப்படியும் சாகப்போகுது. பத்து தடவை பார்த்தாச்சு. என் கைல எதுக்கு இன்னொரு தடவை சாகணும்னு தோணிடுச்சு. கொண்டு போய்ச் செடிக்கு அடியில கொட்டிட்டேன். தொட்டியையும் அந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிட்ட குடுத்துட்டேன். சும்மா சொல்லக் கூடாது, உங்க புழு மேல குத்தம் இல்ல. கை நம்ம கை."

அக்காவுக்கு வந்ததே ஒரு கோபம்!

"நல்லா இருக்கறதை யாராவது கொட்டுவாங்களா? அறிவு வேணாம்? முந்நூறு குஞ்சுண்ணே! முந்நூறு உசிரு!"

நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு இருந்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சலூன்காரர் திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சீப்பைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "தப்புதான்கா. எனக்குத் தெரியாம போச்சே," என்றார். அவர் மன்னிப்புக் கேட்டதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கண்ணாடிக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு வெளியேறினாள்.

வியாழக்கிழமை காலையில் குஞ்சுகள் இலையை விட்டுக் கிளம்பின. முந்நூறும் தாய் தகப்பனைச் சுற்றி ஒரு கூட்டமாக நீந்தின. தம்பி குதிகாலில் உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பசிக்கிறது என்று குஞ்சு கத்துமா? தண்ணீரில் இல்லாததைத் தேடித் தேடி வாயைத் திறந்து மூடின. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக விட்டான். சிலது கடித்தன, பலது திரும்பியும் பார்க்கவில்லை. மிச்சம் அடியில் தங்கி, வெள்ளிக்கிழமை தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. பாதித் தண்ணீரை மாற்றினான். அக்கா மாடிக்கும் கடைக்குமாக நடந்தாள். "பொறுடா, சனிக்கிழமை வந்துடும், பொறு," என்று அவனைத் திட்டினாள். ஏதோ அவன் அவசரப்படுகிற மாதிரி.

சனிக்கிழமை விடிந்ததும் புது டப்பாவின் மூடியைத் திறந்தாள். சுவரெல்லாம் ஏறியிருந்தது, நெளிய நெளிய. விரலால் வழித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் கழுவி எடுத்துக்கொண்டு, படியில் தடுக்கி விழப்பார்த்து, கடைக்குள் ஓடினாள்.

தம்பி தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஒட்டியிருந்த செய்தித்தாளை எல்லாம் கிழித்துப் போட்டிருந்தான். தொட்டியில் இரண்டு மீன் மட்டும் இருந்தன.

"பழைய புத்தி போகலக்கா," என்றான். "பாதி அதுவா செத்து அடியில கிடந்துச்சு. மீதியை, நான் வந்து லைட் போடும்போது அதுங்களே தின்னுக்கிட்டு இருந்துச்சு. போகட்டும் விடு. நீ என்ன பண்ணுவ, அலைஞ்சு பார்த்த. எனக்கும் கைராசி இல்ல போல."

அவன் திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். இந்த ஒரு வார்த்தை அவளைப் போட்டு உலுக்கிவிட்டது.

"கைராசி கைராசின்னு இன்னொரு தடவை சொன்னா பல்லைத் தட்டிடுவேன்! அப்படி ஒரு எழவும் கிடையாதுடா. இருபது நாளைக்கு ஒரு தடவை ஒரு ஸ்பூன் எடுத்துப் புதுக் கஞ்சியில விடணும். விட்டா சாகாது. யார் விட்டாலும் சாகாது. நீ விட்டிருந்தாலும் செத்திருக்காது."

தம்பி அவள் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தான்.

"சீட்டுல அது இல்லையே."

"இல்ல."

"போன்ல கேட்டேனே."

"கேட்ட."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் அந்த வார்த்தையை எடுத்து அவள் கையில்தான் கொடுத்தான்.

"மறக்கல," என்றாள்.

ஸ்டூலிலிருந்து எழுந்தான். அவனுக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததே இல்லை. இப்போதும் குரல் உயரவில்லை.

"கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்லல, சரி. வியாபாரம். எனக்குமாக்கா?"

"உன் வாய் ஓட்டை வாய்டா. உனக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி."

"ஊருக்குச் சொன்னேனே. ஒன்பது வருஷமா நின்னு நின்னு சொன்னேனே. உங்களுக்குக் கைராசி இல்ல, எங்க அக்காவுக்குத்தான் இருக்குன்னு. ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பார்த்துச் சொன்னேன். நீ மாடியில கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

அவன் கடையைப் பூட்டக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"எங்கடா போற? என்னைக் காட்டிக் குடுக்கப் போறியா?"

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். சலூன்காரர்கிட்ட அவர் கை நல்ல கைன்னு மட்டும் சொல்லிட்டு வரேன்."

"நில்லுடா! நான்தான்டா சொல்லணும் அதை! டேய், நில்லு!"

அவன் நிற்கவில்லை. கிண்ணத்தைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். அவளுக்கு முழங்கால் வலி. அவனோ திரும்பியும் பார்க்காமல் நடந்தான். அவன் மேல் கோபம், தன் மேல் கோபம், பார்சல் அனுப்பினவன் மேல் கோபம், தின்று தீர்த்த அந்த இரண்டு மீன் மேல் கோபம். எல்லாம் சேர்ந்து மூச்சு வாங்கியது. சலூன் வாசலில்தான் அவனை எட்டிப் பிடித்தாள். கையால் அவனைத் தள்ளிவிட்டு முதலில் உள்ளே போனாள்.

சலூன்காரர் ஒருத்தருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் கத்தியைத் தாழ்த்தினார்.

"போயிடுச்சா குஞ்சு? அன்னைக்கு நீங்க போனதுல இருந்து எனக்கு மனசே சரியில்லக்கா. நான் மட்டும் அதைக் கொட்டாம இருந்திருந்தா..."

"பேசாதீங்க!" என்று கத்தினாள். "நீங்க பேசாதீங்கண்ணே. நான் சொல்றதைக் கேளுங்க."

சொன்னாள். இருபது நாள், ஒரு ஸ்பூன், புதுக் கஞ்சி. இவ்வளவுதான் என்றாள். தெரிந்தேதான் மறைத்தேன் என்றாள். அவருக்கு மட்டுமில்லை, யாருக்குமே சொல்லவில்லை என்றாள். சொல்லும்போதும் குரல் சண்டை போடுகிற குரலாகவே இருந்தது. வேறு குரலில் சொல்ல அவளுக்கு வரவில்லை.

சலூன்காரர் கேட்டு முடித்துக் கத்தியைத் துணியில் துடைத்தார்.

"அப்ப பதினோரு தடவையும்?"

"பதினோரு தடவையும்."

"என் கையில ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லண்ணே. நல்ல கை."

அவர் தலையை ஆட்டினார். நாற்காலியில் இருந்தவரின் தாடையை விரலால் மெல்ல உயர்த்தி, கத்தியை வைத்து, விட்ட இடத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தார். இரண்டு இழுப்பு இழுத்தபிறகு, அக்காவைத் திரும்பிப் பார்க்காமலேயே பேசினார்.

"என் மகன் வீட்டுல பேரன் இருக்கான். போன மாசம் அவனுக்கு முதல் தடவையா முடி வெட்டணும்னு கேட்டாங்க. என் கை வேணாம், வேற கடைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நான்தான் சொன்னேன்."